இடம்பெயர்ந்த கற்கள்

தில்லியில் ஒரு கல்லைக் காட்டி அது எந்தக் காலத்தது என்று கேட்டால் தொல்லியல் துறையின் பலகையே பதில் சொல்லிவிடும். எந்த இடத்தது என்று கேட்டால்தான் சிக்கல். தூண் வேறோர் ஊரிலிருந்து வந்திருக்கும். அதைத் தாங்கும் மேடையை ஒரு சுல்தான் கட்டியிருப்பார். மேடையைச் சுற்றியிருந்த மதிலை இன்னொரு பாதுஷா உரித்துக்கொண்டு போயிருப்பார். சுற்றுலா வண்டிகள் குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா கேட், ராஜ்காட் என்று ஒரே நாளில் சுற்றிக்காட்டி, சாயங்காலம் கரோல்பாகில் ஸ்வெட்டர் வாங்க இறக்கிவிடும். அதிலும் தவறொன்றும் இல்லை. ஆனால் இந்த முறை இடம்பெயர்ந்த கற்களை மட்டும் பார்த்துவர ஆசைப்பட்டேன். யார் பெயர்த்தார்கள், எதற்காக, எப்படி என்பதுதான் கேள்வி. டிசம்பர் மாதம். காலைப் பனிமூட்டம் விலகவே பத்து மணியாகிறது, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதனால் தெற்கே மெஹ்ரௌலியில் தொடங்கி வடக்கே போவது என்று முடிவுசெய்தேன்.

குதுப் வளாகத்துக்குள் நுழைந்ததும் எல்லாருடைய கழுத்தும் நிமிர்ந்துவிடுகிறது. 72.5 மீட்டர் உயரம், 379 படிகள். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அதன் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை. மினாரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தேடி வந்தது அதன் காலடியில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் தாழ்வாரத்தை.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு அங்கே நின்றிருந்தது. குரங்குத் தொப்பி அணிந்த கணவரிடம் ஓர் அம்மா, "ஏனுங்க, இது நம்மூர்க் கோயில் மண்டபமாட்ட இருக்குதுங்களே?" என்றார். "கோயில் தூணுதான். கழட்டிக் கொண்டாந்து நட்டிருக்காங்க" என்றார் அவர். வழிகாட்டி அரைமணி நேரம் இந்தியில் விளக்கியதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

உண்மையும் அதுதான். 1190களில் குத்புதீன் ஐபக் தொடங்கிய மசூதி இது. 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசலில் பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. எடுத்ததை மறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. எல்லாரும் படிக்க வேண்டும் என்றே வாசலில் வெட்டிவைத்தார். வென்றவன் தன் வெற்றியைக் காட்டும் வழி அது. கூடவே, செதுக்கித் தயாராக நிற்கும் தூண்களை எடுத்துக்கொண்டால் வேலையும் சீக்கிரம் முடியும். தனித்தூணின் உயரம் போதாத இடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். கீழ்த்தூணில் சங்கிலியில் தொங்கும் மணி, மேல்தூணில் இலை வழியும் பூரண கும்பம், நடுவில் ஒட்டுப்போட்ட இடம் இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது. மனித முகங்களைச் சிதைத்து, எல்லாவற்றின் மேலும் சுண்ணச்சாந்து பூசியிருந்தார்கள். நூற்றாண்டுகளில் சாந்து உதிர்ந்துவிட்டது. அடியிலிருந்த சிற்பம் வெளியே வந்துவிட்டது.

இதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களும் உண்டு, பார்க்காத மாதிரி மினாரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே தொழுகைக் கூடத்துக்கு முன்னால் நிற்கும் வளைவுத் திரையின் அருகில் போய்ப் பார்ப்பதில்லை. ஐபக்குக்கு வேண்டியிருந்தது அவர் நாட்டு வளைவு. உள்ளூர்ச் சிற்பிகளுக்கு ஆப்புக்கல் வைத்து வளைவு கட்டும் முறை பழக்கமில்லை. தங்களுக்குத் தெரிந்தபடி கல்லைக் கல்லுக்குமேல் சற்றே முன்தள்ளி அடுக்கி, ஓரத்தை வளைவாகச் செதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அரபு எழுத்துகளுக்கு இடையில் கொடியும் மொட்டுமாக ஓடுவது அவர்கள் கை. பக்கத்தில் அலாவுதீன் கில்ஜி 1311இல் கட்டிய அலாய் தர்வாசாவில் முறையான வளைவு வந்துவிடுகிறது. அதற்குள் மூன்று நான்கு தலைமுறைச் சிற்பிகள் தொழில் கற்றிருப்பார்கள். எனக்கு அலாய் தர்வாசாவைவிட இந்தத் தடுமாறும் திரைதான் பிடித்திருந்தது.

மசூதி முற்றத்தின் நடுவில் நிற்கும் இரும்புத் தூணும் வெளியூரிலிருந்து வந்ததுதான். 7.2 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. குப்தர்காலப் பிராமியில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டு, இது சந்திரன் என்ற அரசன் விஷ்ணுவுக்காக ஒரு குன்றின்மேல் நிறுத்திய கொடிக்கம்பம் என்கிறது. அந்தச் சந்திரன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். குன்று மத்தியப் பிரதேசத்து உதயகிரியாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. இங்கே கொண்டுவந்தது தோமர் அரசன் அனங்கபாலனா, சுல்தான் இல்துத்மிஷா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதில் அவ்வளவு பிணக்கு இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். பழைய முறையில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிந்து, மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையால் வந்தவர்களின் கைகள் அந்தப் படலத்தைத் தேய்த்தன. 1997இல் சுற்றிலும் கம்பிவேலி போட்டுவிட்டார்கள்.

வெளியே வரும் வழியில் புல்வெளியில் ஒரு கல் குடை தனியாக நிற்கிறது. நிலநடுக்கத்தில் சேதமடைந்த மினாரைப் பழுதுபார்த்த ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1828இல் அதன் உச்சியில் கவிழ்த்துவைத்த குடை அது. பார்க்கச் சகிக்கவில்லை என்று 1848இல் இறக்கிவிட்டார்கள். இத்தனை பெயர்ப்புகளுக்கு நடுவில், அழகில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர்த்தது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

துக்ளகாபாத் போகும் வழியில் ஆட்டோக்காரர், "அங்கே குரங்கைத் தவிர ஒன்றும் இல்லை சார்ஜி" என்று திருப்பிவிடப் பார்த்தார். முக்கால் பங்கு உண்மை. சரிவான மதில்கள் மலைபோல் எழுந்து நிற்கின்றன, உள்ளே முள்செடிகள். 1321இல் கியாசுதீன் துக்ளக் தொடங்கி நான்கே ஆண்டுகளில் எழுப்பிய கோட்டை நகரம். அவர் 1325இல் இறந்ததும் ஊரும் காலியாகிவிட்டது. அவருடைய மகன் முகமதுவைத்தான் சோ ராமசாமியின் நாடகம் வழியாகத் தமிழ்நாடு அறியும். கல்லை நகர்த்துவதில் ஆர்வம் காட்டாமல், 1327இல் ஆட்களையே தௌலதாபாத்துக்கு நகர்த்தப் பார்த்தவர். தில்லி முழுவதும் காலியானதாக நம் பாடப்புத்தகங்கள் சொல்லும். பிரபுக்களும் உலமாக்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான் போக நேர்ந்தது என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். குரங்குகள் என் பையைக் குறிவைத்ததால் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை.

முகமதுவுக்குப் பின் வந்த ஃபிரோஸ் ஷா துக்ளக் நேர் எதிர். பழைய கட்டடம் என்றால் உயிர். 1368இல் இடி விழுந்த குதுப் மினாரைச் செப்பனிட்டவரும் அவரே. அவருடைய ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்கு தில்லி கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கோட்லா என்றதும் நம் ஆட்களுக்கு 1999இல் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் தனியாளாக எடுத்த கும்ப்ளேதான் நினைவுக்கு வருவார். அந்த மைதானம் அடுத்த மதிலில் இருக்கிறது. இப்போது அதன் பெயரும் மாறிவிட்டது.

1354இல் ஃபிரோஸ் தொடங்கிய ஃபிரோசாபாத் நகரத்தின் மிச்சமான இந்தக் கோட்லாவில், அடுக்கடுக்காகக் குறுகும் மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் அசோகனுடைய தூண் நிற்கிறது. வெளிர்மஞ்சள் மணற்கல்லால் ஆன ஒரே கல், ஏறக்குறைய 13 மீட்டர். மழமழப்பு இன்னும் போகவில்லை. இன்றைய ஹரியானாவில் உள்ள டோப்ராவிலிருந்து இதைக் கொண்டுவந்த கதையை, அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஷம்ஸி சிராஜ் அஃபீஃப் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கல்லை நகர்த்துவது பற்றி இதைவிடச் சுவையான விவரணையை நான் படித்ததில்லை.

சுற்றுவட்டார மக்களும் படைவீரர்களும் இலவம்பஞ்சு மூட்டைகளோடு வர வேண்டும் என்று ஆணை போனது. தூணைச் சுற்றிப் பஞ்சை மெத்தையாகப் பரப்பி, அடிமண்ணை மெல்லத் தோண்டினார்கள். தூண் பஞ்சின்மேல் சாய்ந்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தரையில் படுக்கவைத்தார்கள். உடையாமல் இருக்க அடி முதல் நுனி வரை நாணலும் பச்சைத்தோலும் சுற்றினார்கள். 42 சக்கரங்கள் வைத்த ஒரு வண்டி செய்தார்கள். சக்கரத்துக்கு ஒரு வடம், வடத்துக்கு 200 பேர். கணக்குப் போட்டால் 8,400 பேர். நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி கண்முன் வரும். யமுனைக் கரையில் சுல்தானே வந்து காத்திருந்தார். தானியம் ஏற்றும் பெரிய படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஏற்றித் தில்லியில் இறக்கினார்கள். இங்கே கட்டடத்தை ஒவ்வொரு அடுக்காக எழுப்பி, அடுக்குக்கு அடுக்கு தூணையும் தூக்கிக்கொண்டே போய், கடைசியில் உருளைகளாலும் கயிறுகளாலும் நிமிர்த்தினார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சுல்தானுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பண்டிதர்களை அழைத்தார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. ஃபிரோஸ் என்ற சுல்தான் வரும்வரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொன்னார்களாம். அரசவைப் பண்டிதருக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? இரண்டரை நூற்றாண்டு கழித்து வந்த தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேய நாடோடி, இது அலெக்சாந்தர் நட்ட தூண் என்று ஊருக்குக் கடிதம் எழுதினான்.

1837இல்தான் கல்கத்தா நாணயச் சாலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் இந்த எழுத்தின் புதிரை உடைத்தார். சாஞ்சியின் குறுங்கல்வெட்டுகளில் கிடைத்த பிடியைக் கொண்டு அவர் தொடர்ந்து படித்த பெரிய வாசகங்களில் ஒன்று இந்தத் தூணுடையது. அந்தச் சாவி திறந்த கதவு வழியாகத்தான் பின்னாளில் மாங்குளம் போன்ற நம் குகைக் கல்வெட்டுகளைப் படிக்கும் வேலையும் நடந்தது. தூணில் இருந்தது சுல்தானைப் பற்றிய தீர்க்கதரிசனம் அல்ல. சாலையோரம் ஆலமரங்கள் நட்டேன், கிணறுகள் தோண்டினேன், தங்கிச்செல்ல இடங்கள் அமைத்தேன் என்று ஓர் அரசன் கொடுத்த கணக்கு. முழுமையான ஏழாவது ஆணை இந்தத் தூணில் மட்டுமே இருக்கிறது. இது நெடுநாள் நிலைக்க, கல்தூணோ கற்பலகையோ உள்ள இடங்களில் எல்லாம் பொறிக்க வேண்டும் என்பது அதன் முடிவில் வரும் கட்டளை. அசோகன் நினைத்தது ஆட்கள் கல்லைத் தேடிப்போய் எழுதுவார்கள் என்று. கல்லே கிளம்பிப் படகேறும் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

வியாழக்கிழமை போனால் கோட்லாவின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம், நான் போனதும் வியாழன்தான். இந்த இடிபாடுகளில் ஜின்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. தூணில் இருப்பவருக்கு லாட் வாலே பாபா என்று பெயர். இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். வேண்டுதலைக் கடிதமாக எழுதி, பல பிரதிகள் எடுத்து, மாடத்துக்கு ஒன்றாகச் செருகுகிறார்கள். கடிதத்தில் முகவரியும் புகைப்படமும் உண்டு. ஒருவர் மட்டும் ஏழெட்டு நகல்களை மாடம் மாடமாக வைத்துக்கொண்டே போனார். எதற்கு இத்தனை என்று கேட்டேன். "அரசாங்க அலுவலகத்தில் ஒரே மேசைக்கு மனுக் கொடுத்தால் வேலை நடக்குமா பாய் சாப்?" என்றார். நிலவறை மாடங்களில் அகல்விளக்கு, ஊதுபத்தி, பால் கிண்ணம், சுவரெல்லாம் கரி. தொல்லியல் துறைக்கு இது தலைவலிதான். ஆனாலும் சொல்கிறேன், தில்லியில் நான் பார்த்த நினைவுச்சின்னங்களில் ஜனங்கள் உரிமையோடு புழங்கும் இடம் இது ஒன்றுதான்.

ஃபிரோசாபாத்தின் மதில்களும் மாளிகைகளும் எங்கே போயின? வடக்கே ஷாஜகான் 1639இல் தன் நகரத்தைத் தொடங்கியபோது பெரும்பகுதி அங்கே போயிற்று. அதற்கு முன்பே அலாவுதீனின் சிரி கோட்டைக் கற்களை ஷேர் ஷா தன் ஊருக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அதில் வெற்றிப் பெருமிதமும் இல்லை, பக்தியும் இல்லை. வண்டிக்கூலி மிச்சம், அவ்வளவுதான்.

பச்சையான களவைப் பார்க்க வேண்டுமென்றால் நிஜாமுதீன் பகுதிக்குப் போக வேண்டும். அக்பரின் தளபதியும் இந்தி ஈரடிகளுக்குப் பேர்பெற்ற கவிஞருமான அப்துர் ரஹீம் கான்-இ-கானான், 1598இல் தன் மனைவிக்குக் கட்டிய கல்லறை அங்கே இருக்கிறது. 1627இல் அவரும் அங்கேயே அடக்கமானார். 1754இல் அவத் நவாப் சஃப்தர்ஜங் இறந்தபோது அவருக்குக் கல்லறை எழுப்ப, ரஹீமின் குவிமாடத்திலிருந்த பளிங்கையும் சுவரிலிருந்த சிவப்பு மணற்கல்லையும் உரித்துக்கொண்டு போனார்கள். அதற்குள் முகலாயர் கையில் பணமும் இல்லை, சுரங்கங்களும் இல்லை. உரித்த பிறகு ரஹீமின் கல்லறை எலும்புக்கூடாகத்தான் நின்றது. ஆகா கான் அறக்கட்டளை ஆறு ஆண்டுகள் வேலைசெய்து 2020இல் திறந்துவிட்டது. போன பளிங்கை முழுக்க மீண்டும் போர்த்தாமல், குவிமாடத்தின் அடியில் மட்டும் ஒரு பட்டை பதித்திருக்கிறார்கள். எஞ்சிய இடம் மொட்டையாகவே இருக்கிறது. சரியான முடிவு. திருடுபோனதும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதானே.

அங்கிருந்து சஃப்தர்ஜங் கல்லறைக்குப் போனால், இவ்வளவு எடுத்தும் பளிங்கு போதவில்லை என்று தெரிகிறது. மினார்களில் சிவப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாய் ஓடுகிறது. சமாதியைச் சுற்றித் தோட்டம் நன்றாக இருக்கிறது. கல்லூரிக் காதலர்களுக்கு அது போதும்.

செங்கோட்டையில் பார்க்க வேண்டியதைவிடப் பார்க்க முடியாததே அதிகம். மயிலாசனம் 1739இல் நாதிர் ஷாவோடு போயிற்று. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளே இருந்த அரண்மனைகளில் பெரும்பாலானவற்றை இடித்துப் படைவீட்டு வரிசைகள் கட்டினார்கள். போய்த் திரும்பி வந்த ஒன்றும் அங்கே உண்டு. திவானி ஆமில், அரசர் அமரும் மாடத்தின் பின்சுவரில் வண்ணக்கல் பதித்த பறவைகளும் பூக்களும், உச்சியில் யாழ் மீட்டும் கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியஸும் இருக்கிறார்கள். 1857 கலகத்துக்குப் பின் ஜான் ஜோன்ஸ் என்ற படைத்தலைவர் இவற்றில் பலவற்றைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய், பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கே 500 பவுனுக்கு விற்றார். அரசாங்கம் தோற்கடித்த பாதுஷாவின் சுவரை அரசாங்கமே விலைகொடுத்து வாங்கியது. பின்னாளில் வைஸ்ராய் கர்சன் பிரபு வற்புறுத்தித் திரும்ப வாங்கி, பழைய இடத்திலேயே பதிக்கச் செய்தார். இப்போது கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்க்கலாம். ஆர்ஃபியஸைக் கண்டுபிடிக்கக் கழுத்தை நன்றாக வளைக்க வேண்டும்.

இந்தியா கேட்டுக்குப் போகும்போது மாலையாகிவிட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு எலுமிச்சை பிழிந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வளைவுக்குக் கிழக்கே ஒரு கல் மண்டபம். மாமல்லபுரத்து மண்டபம் ஒன்றைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது என்பார்கள். மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தேன், எனக்கு மாமல்லபுரம் தெரியவில்லை. அதற்குள் ஐந்தாம் ஜார்ஜின் பளிங்குச் சிலை இருந்தது. 1968இல் அகற்றினார்கள். யாரை வைப்பது என்று முடிவாகாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டபம் காலியாகக் கிடந்தது. 2022 செப்டம்பரில் 28 அடி உயர நேதாஜி சிலை வந்தது. தெலங்கானாவின் கம்மத்தில் வெட்டிய 280 டன் கருங்கல், 1,665 கிலோமீட்டர் சாலைவழி வந்தது. அதற்கென்றே தயாரித்த 100 அடி நீள வண்டிக்கு 140 சக்கரங்கள். அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பைப் படித்தபோது அஃபீஃபின் ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் சக்கரத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டிருப்பார்.

அகற்றிய ஜார்ஜ் எங்கே என்று தேடி, நகரத்தின் வடகோடியில் புராரி சாலையை ஒட்டியிருக்கும் காரனேஷன் பூங்காவுக்கு மறுநாள் போனேன். வாடகை வண்டிக்காரருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை, "பழைய சிலைகள் இருக்கும் மைதானம்" என்று விளக்க வேண்டியிருந்தது. 1877, 1903, 1911 ஆகிய மூன்று தர்பார்களும் நடந்த வெளி இது. நடுவில் ஒரு நினைவுத்தூண். ஒரு பக்கத்தில் ஜார்ஜ், அங்கியும் கிரீடமுமாக. சுற்றிலும் சில வைஸ்ராய்கள், ஆளில்லாத சில பீடங்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு பீடம்தான் ஸ்டம்ப்.

இங்கேதான் 1911 டிசம்பர் 12 அன்று, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஜார்ஜ் அறிவித்தார். மூன்று நாள் கழித்து அவரும் மேரி அரசியும் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அரசரும் அரசியும் கப்பலேறிப் போன பிறகு வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். தாழ்ந்த நிலம், யமுனை ஏறினால் தண்ணீர் நிற்கும், கொசுவும் காய்ச்சலும் வரும், இடமும் போதாது என்றார்கள். தெற்கே ரைசினா குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசர் கையால் நாட்டிய அடிக்கற்களைப் பெயர்த்து, அங்கே கொண்டுபோய்த் தலைமைச் செயலகத்தின் வடக்கு, தெற்குக் கட்டடங்களில் சேர்த்தார்கள். அந்த இரண்டு கட்டடங்களையும் காலிசெய்து அருங்காட்சியகமாக்கப் போவதாக 2023இல் அறிவிப்பு வந்தது.